கரிக்கதவு

முதல் வரைபடத்தில் ஒரே ஒரு வாசல்தான் வைத்திருந்தேன்.
தெற்கு பார்த்தது, வெயில் காலில் விழும்.
சக்கர நாற்காலிக்குச் சரிவு,
கைப்பிடிக்குக் கம்பளி உறை.
மைனஸ் முப்பதில் இரும்பு
தோலைப் பிடித்துக்கொண்டு விடாதாம்.

நுழைந்ததும் அடுப்பு,
அடுப்பைச் சுற்றி வளைந்த பெஞ்சு,
எதிரே அசில்கானின் அறை.
அசில்கான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை.
ஃபெல்ட்ஷர் என்பார்கள் அங்கே.
நூற்று நாற்பது வீட்டுக்கும்
பிரசவம், பல்வலி, குதிரை உதைத்த விலா
எல்லாம் அவள்தான்.
நாரின் ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம்.
நவம்பரில் கணவாய் மூடினால்
மூடியதுதான்.

வயதானவர்கள் வந்தார்கள்.
ரத்த அழுத்தம் பார்க்க வந்து
ஆட்டு விலை பேசி, பனி பேசி,
மாத்திரையை மறந்துவிட்டுப் போய்
அதை எடுக்க மறுபடி வந்தார்கள்.
என் பெஞ்சைப் பார்த்து நானே பூரித்துப்போனேன்.
பிஷ்கெக்கில் படம் போட்டுக் காட்டினேன்.
கைதட்டினார்கள்.

பதினைந்துக்கும் முப்பதுக்கும் நடுவே
ஒருவர்கூட வரவில்லை, என்றாள் அசில்கான்
பதிவேட்டை என் பக்கம் தள்ளி.

ஏன் வருவார்கள்?
ஏழு ஜோடிக் கண்களைக் கடந்தல்லவா போக வேண்டும்.
யார் மகள், எத்தனை நிமிடம்,
வெளியே வந்தபோது முகம் எப்படி.
ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது
அடுப்பை நடுவில் வைத்தவளுக்குத்
தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வரைபடம்:
கிழக்கே தனி அறை, தனி வாசல்,
ஆரஞ்சு வர்ணம், இளைஞர் மையம் என்று பலகை.
அந்தக் குளிர்காலம் முழுக்க
அங்கே ஒதுங்கியது ஒரு கன்றுக்குட்டி.

பிப்ரவரியில் நானே போய்த் தங்கினேன்.
பின்புறம் நிலக்கரி அறை. அதிலிருந்து
அசில்கானின் அறைக்கு ஒரு பலகைக் கதவு,
இரவில் அடுப்புக்குக் கரி போட.
வரைந்ததே நினைவில்லை, அவ்வளவு சின்னது.
கரித்தூளில் ஷூ தடங்கள்.
சுவர் ஆணியில் ஒரு வாளி.

கையில் வாளியோடு பின்பக்கம் போகிறவரை
யாரும் கணக்கில் வைப்பதில்லை.
எர்மெக் அப்படித்தான் வந்தான்.
மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை என்று சொல்ல
நாலு முறை வாளியை நிரப்பினான்.

நான் அளவு நாடாவை எடுத்தேன்.
அசில்கான் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"அழகாக்கிவிடாதே.
அழகாக்கினால் அது வாசல் ஆகிவிடும்."

ஆகவே கீலுக்கு எண்ணெய் மட்டும்.
பெஞ்சுக்கும் அறைக்கும் நடுச்சுவரில்
ஆட்டுக்கம்பளி நாலு விரல்கடை அடைத்தோம்.
காதும் காதும் வைத்தாற்போல் ஒரு சுவர்.
வேறெதுவும் மாற்றவில்லை.

இதற்கிடையே ஜிபெக், பதினாறு வயது,
நோய் ஒன்றும் இல்லை,
முன்வாசல் வழியாகவே வந்து
கிழவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து
அல்ஜீப்ரா போட்டாள்.
அவள் வீட்டில் மதியத்துக்கு மேல்தான் அடுப்பு மூட்டுவார்களாம்.
நகர்ந்து இடம் விட்டார்கள்,
பேச்சை நிறுத்தாமல்.

கிளம்புகிற அன்று காலை
கரித்தூளைப் பார்த்தேன்.
ஷூ தடங்களுக்குப் பக்கத்தில்
வட்ட வட்டமாய்ப் புள்ளிகள்.
தடி ஊன்றிய தடம்.

பெஞ்சில் தினம் முதலில் உட்காருகிறவர்,
தன் ரத்த அழுத்தத்தை ஊருக்கே கேட்கச் சொல்லுகிறவர்,
டோக்டோசுன்.
எதைச் சொல்ல அந்த வழியாக வந்தார் என்று
நான் கேட்கவில்லை.
அசில்கான் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரைபடம் போடவில்லை.
கடையில் ஒரு சின்ன வாளி வாங்கி
பெரியதற்குப் பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக,
இன்னொரு ஆணி அடித்து மாட்டினேன்.
ஒரு கையில் தடி இருப்பவர்
மறு கையால் தூக்குகிற அளவு.